ஜன்னலா, கதவா? (கப்பலில் ரூம் போட்ட கதை)

பதினைந்து வருஷமாகக் கப்பலைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவன் நான். எல்.சி., பில் ஆஃப் லேடிங், இன்சூரன்ஸ் என்று வரி வரியாகச் சரிபார்த்து, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் டிஸ்கிரிபன்சி போட்டுத் திருப்பி அனுப்பும் உத்தியோகம். எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறியது என்று எனக்குத் தெரியும். கப்பல் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

அப்படிப்பட்டவன் 2023 தீபாவளி முடிந்த வாரம் குடும்பத்தோடு மும்பையிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போய் வந்தேன். மூன்று ராத்திரி. பார்த்த இடங்களைப் பற்றி எழுதப் போவதில்லை, கோவா எல்லாரும் பார்த்த கோவாதான். நான் எழுத வந்தது அதற்கு முன்னால் இரண்டு மாசம் எங்கள் வீட்டில் நடந்த ரூம் போடும் படலத்தைப் பற்றி. வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு கப்பலில் ரூம் போடுவது ஒரு தனி சப்ஜெக்ட் மக்களே. பேங்க் ப்ரமோஷன் பரீட்சையில் கூட இவ்வளவு கஷ்டமான கேள்வி வந்ததில்லை.

முதலில் ஆள் கணக்கு. நான், தங்கமணி, அப்போது இருபது வயதில் டிகிரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள், பதினொன்றாம் வகுப்பில் பதினாறு வயது மகன். ஐந்தாவதாக, தீபாவளிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அம்மா. எழுபத்திரண்டு வயசு. பிள்ளைகளுக்கு ஆச்சி. ஐந்து பேர் என்பதுதான் இதில் வில்லங்கமே. நாலு பேர் என்றால் ஒரே ரூமில் அடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

கப்பல் ரூமை கேபின் என்கிறார்கள். சாதாரண கேபின் 120-லிருந்து 180 சதுர அடிக்குள் இருக்கும். எங்கள் லைனில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இருபது அடி கன்டெய்னர் ஒன்றின் தரை 160 சதுர அடி. அதற்குள் இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு குட்டி மேஜை, ஒரு பாத்ரூம். மூன்றாவது, நாலாவது ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ மடக்கி இறக்குகிற மேல் பெர்த். ரயிலில் அப்பர் பெர்த் மாதிரியேதான், ஏறுவதற்கு ஒரு ஏணி தருவார்கள். கீழே உள்ள இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போடலாம், பிரித்தும் போடலாம். ரூம் பார்த்துக்கொள்கிற பையனிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அம்மாவும் பேத்தியும் தேனிலவு ஜோடி மாதிரி ஒரே கட்டிலில் படுக்க வேண்டியதுதான் :-)

வகை மூன்று. ஜன்னலே இல்லாத உள் கேபின், திறக்க முடியாத கண்ணாடி வழியாகக் கடல் தெரிகிற கேபின், பால்கனி வைத்த கேபின். அதற்கு மேல் சூட், அது நம்ம ஸ்கேலுக்கு இல்லை.

இப்போது விலை. ஹோட்டல் மாதிரி ரூமுக்கு இவ்வளவு என்று கிடையாது, ஆளுக்கு இவ்வளவு. ஆனால் எல்லா ஆளும் சமம் இல்லை. ஒரு கேபினில் முதல் இரண்டு பேர் முழு கட்டணம். மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் குறைவு. அதே கேபினில் ஒரே ஒரு ஆள் தங்கினால், வராத இன்னொருத்தருக்கும் சேர்த்து அவரே கட்டுகிற மாதிரி ஆகிவிடும், பல கம்பெனிகளில் அப்படித்தான். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி.

கணக்குக்காக உள் கேபினில் முழு ஆள் 100 என்றும், மூன்றாவது ஆள் 50 என்றும், பால்கனியில் முழு ஆள் 160 என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (நிஜ விலை சீசனுக்குத் தகுந்த மாதிரி தினமும் ஆடும், அதனால் ரூபாயில் சொல்லவில்லை). ஐந்து பேரை நாலு, ஒன்று என்று பிரித்தால் 300-ம் 200-ம் சேர்த்து 500. மூன்று, இரண்டு என்று பிரித்தால் 250-ம் 200-ம், ஆக 450. இரண்டு பேருக்குப் பால்கனி, மூன்று பேருக்கு உள் கேபின் என்றால் 570. மூன்று உள் கேபின் எடுத்து இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரித்தால் 600.

கவனித்தீர்களா? ஒரு பால்கனி வைத்துக்கொள்வதும், கூடுதலாக இன்னொரு ரூம் எடுப்பதும் ஏறக்குறைய ஒரே செலவு. அதாவது ஒரு ஜன்னலா, இல்லை ஒரு கதவா?

தங்கமணிக்கு ஜன்னல் வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பார்த்த ஜன்னல் எல்லாம் பேங்க் குவார்ட்டர்ஸ் ஜன்னல், திறந்தால் எதிர் பில்டிங்கின் ஏ.சி. பெட்டி. "கப்பல்ல போயி கடலப் பாக்காம கெடக்கணும்னா அதுக்கு வீட்டுலயே லைட்ட அணைச்சுட்டு படுத்துக்கலாமே" என்றாள். நியாயம்தான்.

மகளுக்குக் கதவு வேண்டும். ஆனால் அவள் அப்படிக் கேட்கவில்லை. "அப்பா, தம்பி இல்லாத ரூம் ஒண்ணு. மூணு நாளைக்குத்தான். நானும் ஆச்சியும் இருந்துக்கறோம்."

"அவன் உன் தம்பிதானே, என்ன இப்ப?"

"அதுக்கில்லப்பா..." என்று இழுத்துவிட்டு விட்டுவிட்டாள். மேலே பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி தங்கமணிதான் புரிய வைத்தாள். எங்கள் வீடு முலுண்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால். படுக்கையறையில் நாங்கள், எங்களோடு இரண்டு பீரோ. ஹாலில் பிள்ளைகள், ஒரு சுவரோரம் அவள், மறு சுவரோரம் அவன். அவள் வயசுக்கு வந்த நாளிலிருந்து உடை மாற்றுவது பாத்ரூமில்தான். ஈரத் தரையில் சுடிதார் பேண்ட் படாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. தலை துவட்டுவதும் அங்கேதான். காலையில் அவளுக்குப் பதினைந்து நிமிஷம் ஆகிறது என்று கதவைத் தட்டி "என்ன பண்றே உள்ள?" என்று கத்துகிறவன் நான்தான். ஏழு வருஷமாகக் கத்தியிருக்கிறேன். ஒரு தடவை கூட இது மண்டையில் ஏறவில்லை.

ஏறியது, ஆனாலும் எக்செல் ஷீட்டில் 450-க்கும் 600-க்கும் நடுவில் இருந்த அந்த 150 கண்ணை விட்டுப் போகவில்லை. கால்வாசி மிச்சம் என்றால் சும்மாவா? அதோடு இன்னொரு சாக்கும் கிடைத்தது. பதினெட்டு வயது ஆகாத பையனைத் தனி கேபினில் போட விடமாட்டார்கள். ராயல் கரீபியன் மாதிரி பெரிய கம்பெனிகளிலேயே அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல் என்றால் கேபினுக்கு ஒருவராவது 21 வயது, ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ கிளம்பினால் 18 என்று விதி. பெற்றோர் ரூமுக்குப் பக்கத்து ரூம் என்றால் பிள்ளைகளுக்குத் தளர்த்துவார்கள். ஆக மூன்று கேபின் எடுத்தால் காகிதத்தில் நானும் மகனும், அம்மாவும் மகளும், தங்கமணி தனி என்றுதான் போட வேண்டும். இதைச் சொன்னதும் தங்கமணி, "அந்தத் தனி ஆள் நான்னா எனக்கு ரொம்ப சந்தோஷம், மூணு நாள் உங்க கொறட்டை இல்லாம தூங்குவேன்" என்றாள்.

கடைசியில் நான் செய்தது இது. இரண்டு உள் கேபின். மூன்று, இரண்டு. நாங்கள் இருவரும் ஒன்றில். அம்மா, மகள், மேல் பெர்த்தில் மகன் மற்றொன்றில். மகளுக்குத்தான் இருபது வயசாச்சே, அந்த ரூமில் பெரியவர்கள் இருவர் என்று கணக்கு நேராகிவிட்டது. ஜன்னல் கேட்டவளுக்கு ஜன்னலும் இல்லை, கதவு கேட்டவளுக்குக் கதவும் இல்லை. மிச்சம் எனக்கு.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். புக் செய்யும்போது பக்கத்தில் ஒரு சலுகை வந்தது. "கியாரண்டி" கேபின், இன்னும் விலை குறைவு. பேங்க்காரனுக்கு கியாரண்டி என்றால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்? ஆயுசு பூராவும் கியாரண்டி எழுதிக் கொடுத்தவனாச்சே. எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். இந்த கியாரண்டியில் உத்தரவாதம் வகைக்கு மட்டும்தான். உள் கேபின் கேட்டால் உள் கேபினோ அதற்கு மேலோ கிடைக்கும். எந்த நம்பர், எந்த மாடி, கப்பலின் முன்பக்கமா பின்பக்கமா என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். இரண்டு கேபின் எடுத்தால் இரண்டும் பக்கத்தில் வரும் என்று எவனும் கியாரண்டி கொடுக்கவில்லை. கஸ்டமருக்கு "டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடுங்க சார்" என்று தினமும் சொல்கிறவன் கதை இது.

நம்பர் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் வந்தது. எங்களுக்கு ஆறாவது தளத்தில் நட்டநடுவில். அவர்களுக்கு நாலாவது தளத்தில் மூக்கு நுனியில்.

பல்லார்ட் பியரில் ஏறினோம். ஆதார் கார்டு, போர்டிங் பாஸ், பெட்டிக்கு டேக் என்று ஏர்போர்ட் மாதிரியேதான். ஏறினவுடன் அபாயப் பயிற்சி. ஏழு குட்டிச் சத்தம், ஒரு நீளச் சத்தம். கேட்டதும் அவரவர் கார்டில் போட்டிருக்கிற இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் கவிழ்ந்ததற்கு அப்புறம் விதியை இறுக்கி, 2015-லிருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இதிலும் ஒரு ரூம் சமாச்சாரம் இருக்கிறது. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது கேபினை வைத்துத்தான். எங்களுக்கு ஒரு இடம், அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு இடம். கூட்டத்துக்கு நடுவில் என் அம்மா ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்றை வெறித்துப் பார்த்துக்கொண்டு எங்கோ நிற்கிறாள், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். நிஜமாக ஏதாவது ஆனாலும் இப்படித்தானே நிற்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நிமிஷம் 150 கொஞ்சம் உறுத்தியது.

ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன். ஒரே மாதிரி தாழ்வாரம், ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி கார்ப்பெட். முட்டிவலியோடு அம்மா நடக்க எங்கள் ரூமிலிருந்து பத்து நிமிஷம் ஆனது. மகளும் கூடவே படுக்க வந்துவிட்டாள். மகன் மேலே ஏதோ பாட்டுக் கச்சேரி என்று போயிருந்தான். கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் மொபைல் சிக்னல் போய்விடும். ரூமுக்கு ரூம் போன் உண்டு, காசு கிடையாது. "ஏதாவதுன்னா இந்த நம்பரைச் சுத்து" என்று எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் ரூமில் லைட்டை அணைத்தால் கும்மிருட்டு. உள் கேபின் என்றால் பகலா ராத்திரியா என்றே தெரியாது. கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டுகிற ஒரு சானல் டி.வி.யில் வந்தது. அதைப் போட்டுவிட்டு, சத்தத்தை நிறுத்தி, "இந்தா உனக்கு ஜன்னல்" என்றேன். தங்கமணி சிரிக்கவில்லை. கறுப்பாக ஒரு திரை, ஓரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. அதைப் பார்த்தபடி தூங்கிவிட்டோம். நடுத்தளம், நடு இடம். தொட்டில் மாதிரி இருந்தது.

காலையில் ஏழு மணிக்கு அந்த ரூம் கதவைத் தட்டினால், மகள் திறந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளே அம்மா வேறு சேலையில் படுத்திருந்தாள். பாத்ரூமில் பழைய சேலை அலசிப் பிழிந்து தொங்கியது. மேல் பெர்த்தில் மகன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். கட்டில் ஓரம் ஒரு தட்டில் பாதி கடித்த பச்சை ஆப்பிள்.

நவம்பரில் அரபிக்கடல் பொதுவாகச் சாதுதான். ஆனால் கப்பலின் மூக்கில் படுத்திருக்கிற, அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணியைத் தவிர வேறு தண்ணீரில் காலை வைக்காத ஒரு ஆச்சிக்கு, சாது கடலே போதும். சீ-சா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, நுனியில் உட்கார்ந்தால் தெரியும், அவ்வளவுதான் விஷயம். பதினோரு மணிக்கு மேல் தலை சுற்றல், மூன்று தடவை வாந்தி. மகள் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, ஆச்சி சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையின் பேரைச் சொல்லி, அதோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி, அப்புறம் மாத்திரை வாங்கியிருக்கிறாள். ஆப்பிள் யார் சொன்னது என்று தெரியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஒன்றேகால் மணிக்குத் தம்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறான். வெளியிலேயே இரு என்றிருக்கிறாள். துரை அரை மணி நேரம் தாழ்வாரத்துக் கார்ப்பெட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

அம்மாதான் பதில் சொன்னாள். "நாந்தான் வேண்டாம்னுட்டேன். ஏய்யா, நீ வந்து என்ன செய்யப் போற? நீ வந்தாலும் வெளியதான நிக்கணும்? பேத்தி பாத்துக்கிட்டா."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. "பல் தேச்சுட்டு வந்துடறேன்ப்பா" என்று பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ரூமிலும் அவளுக்குக் கிடைத்தது பாத்ரூம் கதவுதான்.

அன்றைக்குக் கப்பல் மர்மகோவாவில் நின்றதும் எல்லாரும் கோவா பார்க்க இறங்கினார்கள். நான் ரிசப்ஷனுக்குப் போனேன். அம்மாவையும் மகளையும் எங்கள் நடு ரூமுக்கு மாற்ற வேண்டும், நாங்கள் இருவரும் மகனோடு மூக்கு ரூமுக்குப் போகிறோம் என்றேன். "நாங்களே சாவியை மாத்திக்கிறோமே, எதுக்கு உங்களுக்குச் சிரமம்?" என்றும் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் விடவில்லை. யார் எந்த கேபினில் தூங்குகிறார்கள் என்பது அவர்கள் லிஸ்டில் சரியாக இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் ஆபத்தில் ஆள் எண்ணுவார்கள் என்றாள். ஒவ்வொரு கேபினிலும் இத்தனை பேர் என்பதும் உயிர்காக்கும் படகுக் கணக்கோடு சேர்ந்தது. கட்டில் இருக்கிறது என்பதற்காக ஆள் ஏற்ற முடியாது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பேங்கில் இருந்தால் நல்ல ஆபீஸராக வருவாள். ஐந்து கார்டையும் வாங்கிப் புதிதாக அடித்துக் கொடுத்தாள். இந்த முறை அம்மா நிற்க வேண்டிய இடமும் என்னுடையதும் வேறுதான், ஆனால் இதை நான்தான் கேட்டு வாங்கினேன்.

நான் அன்றைக்குக் கற்ற இன்னொன்று. இதை முதலிலேயே, காசு கொடுக்கும்போதே செய்திருக்கலாம். மூன்று, இரண்டு என்று பிரித்தால் யார் அந்த மூன்று, யார் அந்த இரண்டு என்பதற்குக் காசே கிடையாது. 450 எப்படிப் பிரித்தாலும் 450. அம்மாவும் மகளும் ஒரு ரூம், நாங்களும் மகனும் ஒரு ரூம் என்று போட்டிருந்தால் மகள் கேட்டது பைசா செலவில்லாமல் கிடைத்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். ஒரு குடும்பம் என்றால் பெரியவர்கள் ஒரு ரூம், பிள்ளைகள் ஒரு ரூம், பாட்டி பிள்ளைகளோடு. முலுண்ட் வீட்டு ஹாலை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி மூக்கு ரூமில் நான், தங்கமணி, தலைக்கு மேலே ஐந்தடி ஒன்பதங்குலத்தில் மகன். "என்னைய மட்டும் ஏன் உங்களோட போட்டீங்க?" என்று அரை மணி நேரம் புலம்பிவிட்டுத் தூங்கினான். கப்பல் குதித்தது. தங்கமணி டி.வி. ஜன்னலைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "காலைல அஞ்சரைக்கு எழுப்புங்க, மேல போயி நெசக் கடலைப் பாக்கணும்" என்றாள். எழுப்பினேன். மேல் தளத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. விடிகிறவரை நின்றோம். இரண்டு டீ, இரண்டு நாற்காலி, கடல் முழுக்க எங்களுக்கு. பால்கனிக்குக் கொடுத்திருக்க வேண்டிய 120 பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

அது மூன்றாம் நாள், முழுக்கக் கடலில். காலையில் அம்மா தெளிவாக இருந்தாள், இட்லி சாப்பிட்டாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும். மகளைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று ஆறாவது தளத்துக்குப் போனேன். கதவுக் கைப்பிடியில் "தொந்தரவு செய்யாதீர்கள்" அட்டை தொங்கியது. அம்மாவுக்கு மறுபடி முடியவில்லையோ, தூங்குகிறாளோ என்று தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. சன்னமாக, கூடவே யாரோ பாடுகிற மாதிரி. அவள் பாடுவாள் என்பது எனக்குத் தெரியாது.

கையை இறக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால், ஜன்னலோர மேஜையில் அம்மா தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ இங்க என்னம்மா பண்றே? எப்படி வந்தே?"

"லிப்டுல ஏத்திவிட்டா. ஒரு தம்பி தட்டு எடுத்துக் குடுத்தான். ஒரு மணி நேரங் கழிச்சு வாறேன் தாயின்னுட்டு வந்தேன்."

"அவ சாப்பிடலையா?"

"பசிச்சா வருவா. நீ உக்காரு. அந்த அப்பளத்த எடு."

எடுத்துக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பி.கு: அடுத்து போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. வயதானவர்கள் கூட வந்தால் கியாரண்டி வேண்டாம், நம்பர் பார்த்து நடுப்பக்கம் எடுங்கள். தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ டான்ஸ் ஹால், சமையல்கூடம் இருக்கிறதா என்று தள வரைபடத்தில் பாருங்கள். உள்பக்கம் கதவு வைத்து இணைத்த இரட்டை ரூம் வேறு, பக்கத்துப் பக்கத்து ரூம் வேறு, கேட்டு வாங்குங்கள். இணைப்புக் கதவு வழியாகச் சத்தம் நன்றாகக் கேட்கும், உங்கள் குறட்டையும்தான். பெற்றோர் பால்கனியிலும் பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு எதிரே உள் கேபினிலும் என்பது நாலு பேர் குடும்பத்துக்கு நல்ல ஏற்பாடு. இரண்டு புக்கிங்கையும் ஒன்றாக இணைக்கச் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு மேஜை சேர்ந்து கிடைக்கும். ரூம் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் நாலு எடுத்துப் போனால் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போகலாம். பையனின் கார்டில் செலவுக்கு வரம்பு வைக்க முடியுமா என்று ஏறினவுடன் கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஐஸ் டீ மட்டும் பதினொன்று குடித்திருக்கிறான்.